சூடேறாத எஞ்சின்

எஞ்சின்ல ஒரு குறையும் கிடையாது அண்ணாச்சி. அதை முதல்லயே சொல்லிருதேன். நாப்பது குதிரை. வாங்கி ரெண்டு வருசம் ஆகுது, ஒரு நாள் கூட நடுக்கடல்ல என்னை நிறுத்துனது இல்ல. உங்க மெக்கானிக் தம்பி பின்னாலதான லேப்டாப்ப மாட்டிக்கிட்டு இருக்காரு? மாட்டட்டும். நல்லா அலசிப் பாக்கட்டும். என்கிட்ட ஒண்ணும் கேக்காதிய, அதுகிட்டயே கேளுங்க. இப்பல்லாம் மனுசன் வாய்ப்பேச்சை எவன் நம்புதான்?

நீங்க இப்படி நிழல்ல உக்காருங்க. காப்பி போட்டுக் குடுக்க வீட்டுல ஆள் இல்ல. என் பொஞ்சாதி விமலி பகல் பூரா ததேயு வீட்டுலதான் கெடக்கா. ததேயு யாருன்னு கேக்கியளா, அதையும் சொல்லுதேன். நல்லா ஓடுற எஞ்சினை என்னத்துக்கு விக்கிறியன்னு கேட்டிய பாருங்க, அதுக்கு அவனையும் சொல்லித்தான் ஆகணும். நாகப்பட்டினத்துல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிய, கேக்கத்தான் செய்விய. வாற வழியில டீக்கடையில வண்டிய நிறுத்துனியளா? அங்கன எவனாவது சொல்லியிருப்பான், கஸ்பார் ஒரு உயிரைக் கொன்னவன்னு. சொன்னானா இல்லையா? நீங்க சொல்ல மாட்டிய, மரியாதை தெரிஞ்ச ஆளு. ஆனா இந்த ஊர்ல என் பேரு இப்ப அதுதான்.

என்கூட யாரும் கடலுக்கு வாறதில்ல. கூட வந்துக்கிட்டிருந்த ரெண்டு பேரும் வேற வள்ளத்துக்குப் போயிட்டாவ. மணல்ல கெடக்குற வள்ளத்தைத் தண்ணியில எறக்க எட்டு கையாவது வேணும் அண்ணாச்சி. நான் போயி வள்ளத்துல தோளைக் குடுத்துக்கிட்டு நிக்கேன், எல்லாவனும் வலையைப் பாக்கான், வானத்தைப் பாக்கான், பீடி பத்த வைக்கான். ஒருத்தனும் வரல. அப்புறம் இந்த எஞ்சினை வச்சு நான் என்ன செய்ய? வீட்டுக்குள்ள ஓட்டவா?

எல்லாம் ஒருத்தியால. என் சொந்தக் கொழுந்தியா, விமலிக்கு நேர் இளையவ, ஜெனிட்டா. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டா அண்ணாச்சி. இதை நான் நூறு தடவை சொல்லுவேன், நீங்க சலிச்சுக்கிடாதிய.

அவ பாலிடெக்னிக் படிச்சவ. எஞ்சின் கம்பெனிக்காரன் மூணு மாசம் டிரெய்னிங் குடுத்தான், போயிட்டு வரும்போது கையில லேப்டாப்பு, ஒரு ஒயரு. ஏலக்கூடத்துக்குப் பக்கத்துல தகரக் கொட்டகை போட்டு உக்காந்தா. ஒரு மாசம் ஈ ஓட்டினா. பொம்பளைப் பிள்ளை ஒயரைச் சொருகி எஞ்சின் பாக்குதாம்னு ஊர்ல ஒரே சிரிப்பு. அப்ப முதல் ஆளா என் எஞ்சினை ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போயி அவ முன்னால வச்சது யாரு? நான். எல்லாவனும் பாக்கத்தான் வச்சேன். அவ ஒயரை மாட்டினா, திரையில கட்டம் கட்டமா வந்துச்சு. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடிருக்கு, அதுல முழு வேகம் எவ்வளவு, நடு வேகம் எவ்வளவு, தட்டுத் தட்டுன்னு மெதுவா ஓடுனது எவ்வளவு, எப்பமாவது சூடு ஏறி அலாரம் அடிச்சிருக்கா, எண்ணெய் குறைஞ்சிருக்கா, எல்லாம். எனக்கே ஆச்சரியம். நான் மறந்து போனதைக் கூட அது மறக்கல. சிரிச்சவன் வாயெல்லாம் அன்னைக்கே அடைச்சுப் போச்சு. இப்ப பக்கத்து மூணு ஊர் எஞ்சினும் அவகிட்டதான் வருது. அந்தப் பெருமையில பாதி என்னுதுல்லா? அதைச் சொல்லுங்க நீங்க.

சரி, நடந்ததைச் சொல்லுதேன். போன தை மாசம். வாடைக்காத்து நின்னும் நிக்காமலும் கெடந்த நேரம். எனக்கு அதுக்கு முன்னால மூணு மாசமா கடல்ல ஒண்ணும் கெடையாது. போவேன், வருவேன், குழம்புக்கு ரெண்டு மீன் இருக்கும். அவ்வளவுதான். எல்லாருக்கும்தான் அப்படின்னு வையுங்க.

ததேயுவும் அவன் தம்பி நசரேனும் ஒரு புதன்கிழமை சாயங்காலம் வலைக்குப் போனவனுவ, வியாழன் விடிஞ்சும் வரல. போன் எடுக்கல. ஏழு மணிக்குக் கோயில் மணி அடிச்சாவ. எங்க ஊர்ல மணி அப்படி அடிச்சா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும், உங்க ஊர்லயும் இருக்கும். ஆளைக் காணல. கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் வலை நனைக்கக் கூடாது, தூண்டி போடக் கூடாது. இருக்கிற வள்ளம் அத்தனையும் தேடப் போகணும். கமிட்டித் தலைவர் மிக்கேல் பர்னாந்து, பெரியவரு, ஏலக்கூடத்துல நின்னு ஆளுக்கு ஒரு பக்கம் பிரிச்சுக் குடுத்தாரு. எனக்குத் தெக்குப் பாரு. கடலுக்கு அடியில கெடக்குற பாறையத்தான் நாங்க பாருன்னு சொல்லுவோம். அதைத் தாண்டி அங்கிட்டுப் போயிப் பாக்கணும். முழு வேகத்துல போனா ரெண்டு மணி நேரம். என் ஆளுவ ரெண்டு பேரையும் தூரமாப் போற வள்ளத்துல ஏத்திட்டாவ, நான் ஒத்தையில போனேன்.

போனேன் அண்ணாச்சி. போகலைன்னு யாரு சொன்னா? முக்கால் மணி நேரம் முழு வேகத்துல போனேன். அங்கன பாத்தா, பறவை கூட்டங்கூட்டமா எறங்குது. தண்ணி கொதிக்கிறாப்புல இருக்கு. சீலா. மூணு மாசமா கண்ணுல காணாத சீலா மீனு, நல்ல வெலை போறது. சுத்திலும் ஒரு வள்ளம் கிடையாது, எல்லாம் தேடப் போயிட்டு. கடல் பூரா எனக்கே எனக்குன்னு கெடக்கு.

நான் வள்ளத்தை நிறுத்தல, பாத்துக்கிடுங்க. தேடிக்கிட்டேதான் ஒரு தூண்டிய விட்டேன். சீலாத் தூண்டி விட்டா எஞ்சினை மெதுவா வச்சு இழுத்துக்கிட்டே போகணும், உங்களுக்குத் தெரியாததா. தூண்டி தண்ணியில கெடந்தா கண்ணு அவிஞ்சா போகும்? கண்ணு பாட்டுக்குப் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. அதுவும் போக, என் கணக்குப்படி அவனுவ தெக்க இருக்கவே வழியில்ல. முந்தின நாள் ராத்திரி நீரோட்டம் வடக்க இழுத்துச்சு. வடக்க பதினாலு வள்ளம் போயிருக்கு. எப்படியும் அங்கனதான் கெடைப்பாவ, நம்ம இங்கன போறது சும்மா ஒப்புக்குத்தான்னு நெனச்சேன். என் கணக்கு தப்பாப் போச்சு. கணக்கு தப்பாப் போனா அதுக்குப் பேரு கொலையா?

ஒரு தூண்டி ரெண்டு தூண்டியாச்சு. அப்படியே நேரம் போயிட்டு. மீனைப் பக்கத்து ஊர்க் கரையில, தெரிஞ்ச வியாபாரி ஒருத்தர்கிட்ட எறக்கிட்டு நம்ம கரைக்கு வரும்போது பொழுது சாஞ்சிட்டு. எல்லா வள்ளமும் வந்து கெடக்கு, நான்தான் கடைசி. ததேயு பொஞ்சாதி மணல்ல உக்காந்திருந்தவ எந்திரிச்சு ஓடி வாறா. கடைசி வள்ளத்துலயாவது இருப்பாவன்னு. அவகிட்ட என்னத்தைச் சொல்ல? "பாருக்கு அங்கிட்டு வரைக்கும் போயிப் பாத்தேன் தாயி, ஒண்ணும் இல்ல. திரும்பும்போது எஞ்சின் சூடாயி அலாரம் அடிச்சிட்டு, அதான் தட்டுத் தடுமாறி மெதுவா வாறேன்"னு சொல்லிட்டேன். வாயில வந்துட்டு, அவ்வளவுதான். முன்கூட்டி யோசிச்சு வச்சுச் சொல்லல.

அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. தலைவரு கேட்டுட்டு, கஸ்பார் தெக்க பாத்தாச்சு, நாளைக்கு எல்லாரும் வடக்கயும் கெழக்கயும் போவோம்னு சொன்னாரு. சொல்லிட்டு, நாளைக்கு ஒரு வள்ளம் கூடக் குறையக் கூடாது, கஸ்பார் எஞ்சினை இப்பவே ஜெனிட்டாகிட்ட கொண்டு போங்கன்னாரு. நான் வேண்டாம் வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்னு சொல்லச் சொல்ல, நாலு பேரு எஞ்சினைக் கழத்தித் தூக்கிட்டுப் போயிட்டானுவ. என் மேல உள்ள பிரியத்துலதான். சொன்ன வாய்க்கு நானும் பின்னாலயே போக வேண்டியதாப் போச்சு. நல்ல எஞ்சினை வைத்தியத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போன ஒரே ஆளு உலகத்துலயே நான்தான்.

ஆனா அப்பவும் எனக்குப் பயம் இல்ல அண்ணாச்சி. ஏன்னா அங்கன இருக்கிறது யாரு? நம்ம வீட்டுப் பிள்ளை. கண்ணைக் காட்டினா புரிஞ்சுக்கிடுவா. தண்ணி பம்பை மாத்தினேன், சூடு கொறைஞ்சிட்டுன்னு ரெண்டு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு.

கெட்ட நேரம் பாருங்க, புதன்கிழமைதான் அவகிட்ட சர்வீசுக்கு விட்டு எடுத்திருந்தேன். அன்னைக்கு எடுத்த ரீடிங்கு அந்தச் சவத்து லேப்டாப்புல அப்படியே இருக்கு. நடுவுல ஓடுனது இந்த ஒரு ஓட்டந்தான். அவ ஒயரை மாட்டினா, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா. தூக்கிட்டு வந்தவனுவளை வெளிய போயி இருக்கச் சொன்னா. அதைப் பாத்ததும் எனக்கு நிம்மதி. பிள்ளைக்கு விவரம் புரிஞ்சிட்டுன்னு நெனச்சேன்.

"அத்தான், எஞ்சின் சூடாகவே இல்லையே"ன்னா.

நான் குரலைத் தாழ்த்தி, ஆனதா எழுதிக் குடுத்துரு தாயின்னு சொன்னேன்.

"எழுதுறது கெடக்கட்டும். நீங்க பாரைத் தாண்டிப் போனியளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்கு எந்தப் பக்கம் போகன்னு அங்கன பேசிக்கிட்டு இருக்காவ."

போனேன்னு சொன்னேன்.

அவ திரையை என் பக்கம் திருப்பினா. முழு வேகத்துல ஓடுனது ஒன்றரை மணி நேரம். மத்த அஞ்சு மணி நேரமும் தூண்டி இழுக்குற வேகம். பாருக்கு அங்கிட்டுப் போகவே ரெண்டு மணி நேரம் முழு வேகத்துல ஓடணுமே அத்தான்னு கேக்கா. சூடு ஏறி எஞ்சின் தானா வேகத்தைக் கொறைச்சாலும் இவ்வளவு மெதுவா ஓடாதாம், ஓடுனா அலாரம் அடிச்ச பதிவு இருக்குமாம். எனக்குப் பாடம் எடுக்கா. எனக்குக் கோவம் வந்துட்டு.

"என்னட்டி, என்னையே விசாரிக்கியா? இந்த லேப்டாப்பை ஊர்ல முதல்ல நம்புனவன் யாரு?"

"நீங்கதான் அத்தான். அதனாலதான் அவியகிட்ட போகாம உங்ககிட்ட கேக்கேன். கடைசியாக் கேக்கேன், போனியளா?"

அவ கண்ணு கலங்கி இருந்துச்சு. அப்பவாவது நான் சுதாரிச்சிருக்கணும். இல்ல, அவளாவது நம்ம அத்தான்னு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கணும். நான் போனேன்னு சொன்னேன். அவ ஒயரைக் கழத்தினா. லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சு எடுத்துக்கிட்டு, செருப்பு கூடப் போடாம, நேரா ஏலக்கூடத்துக்கு நடந்தா. நான் பின்னால ஓடுதேன், ஜெனிட்டா, ஜெனிட்டான்னு. அவ திரும்பல.

அங்கன ஊரே இருக்கு. ததேயு பொஞ்சாதி இருக்கா. அவனுவ அம்மை இருக்கா. என் விமலி இருக்கா. எல்லாருக்கும் முன்னால மேசையில லேப்டாப்பைத் தொறந்து வச்சு, "தெக்குப் பக்கம் யாரும் பாக்கல. அத்தான் எஞ்சின் அவ்வளவு தூரம் ஓடவே இல்ல. அங்கன வள்ளம் அனுப்புங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. என்னை ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும்.

காதுல சொல்லியிருக்கலாம்லா? தலைவரை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா? அத்தானுக்கு ஒடம்பு சரியில்லாமத் திரும்பிட்டாருன்னு சொல்லியிருக்கலாம்லா? ஆயிரம் வழி இருக்கு அண்ணாச்சி, சொந்தக்காரனை விட்டுக் குடுக்காம இருக்கணும்னு நெனச்சா. என் வீட்டுல சாப்பிட்டு வளந்த பிள்ளை. அவ பரீட்சைக்கு நான் சைக்கிள்ல கொண்டு விட்டிருக்கேன். அன்னைக்கு அந்தக் கூடத்துல நான் நின்ன நிலையை என் எதிரிக்குக் கூட நெனைக்க மாட்டேன். யாரும் என்னை அடிக்கல. மிக்கேல் பர்னாந்து என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, தள்ளி நில்லுன்னு மட்டும் சொன்னாரு.

விடியுறதுக்கு முன்னாலயே ஆறு வள்ளம் தெக்க போச்சு. ஒம்பது மணிக்கு ததேயு கெடைச்சான். கவுந்த வள்ளத்து மேல கயத்தால தன்னைக் கட்டிக்கிட்டுக் கெடந்திருக்கான், உயிரு இருந்துச்சு. நசரேன் இல்ல. வெள்ளிக்கிழமை வெள்ளாப்புல, பொழுது விடியுற நேரத்துல, வள்ளம் வாறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாலதான் கை நழுவிப் போயிட்டானாம். இருபத்தாறு வயசு. மறுநாள் கரையில ஒதுங்கினான்.

ஜெனிட்டா சொன்னதுனாலதான் ததேயு பொழைச்சான்னு ஊர்ல சொல்லுதாவ. இருக்கட்டும், நான் இல்லைங்கல. அவ அவனைக் காப்பாத்தினா, என்னைக் கொன்னுட்டா. என் பொஞ்சாதியும் அவ பக்கந்தான். சோறு ஆக்கி மூடி வச்சிட்டுப் போயிருவா. நேத்து ஒரு வார்த்தை பேசினா, எஞ்சினை எப்ப விக்கிறியன்னு. ரெண்டு மாசத்துல அதுதான் பேச்சு.

இந்த எஞ்சினும் அப்படித்தான். ரெண்டு வருசம் பிள்ளை மாதிரி வச்சிருந்தேன். நல்ல தண்ணி விட்டுக் கழுவாம ஒரு நாள் படுத்ததில்ல. ஒரே ஒரு தடவை, பேருக்கு, கொஞ்சம் சூடேறித் தொலைச்சிருக்கக் கூடாதா?

நான் இதோட நிறுத்திருப்பேன். ஜெனிட்டா மேல உள்ள கோவத்தை வச்சே காலத்தை ஓட்டிருப்பேன், அது எனக்கு ஒரு துணையாத்தான் இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ததேயு வந்தான். ஆஸ்பத்திரியில இருந்து வந்தபிறகு இந்த வாசலை அவன் மிதிச்சது அதுதான் முதல் தடவை. அடிக்கத்தான் வாறான்னு நெனச்சேன். அடிச்சா வாங்கிக்கிடுவோம்னு எந்திரிச்சு நின்னேன். அவன் அடிக்கல. நீங்க இருக்கிற எடத்துலதான் உக்காந்தான். கையில கயறு அறுத்த தழும்பு இன்னும் மறையல. அப்புறம் கேட்டான், அன்னைக்கு மத்தியானம் ஒரு சிவப்புச் சட்டை ஆடுனதை நீங்க பாக்கலியா அண்ணேன்னு.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. எந்தச் சட்டைன்னு கேட்டேன்.

அவனுவ என்னைப் பாத்திருக்கானுவ அண்ணாச்சி. பாருக்கு இந்தாண்டையே மெதந்துக்கிட்டு வந்திருக்கானுவ. வள்ளம் கவுந்து, மேல ரெண்டு தலை மட்டும் தெரியும், தூரத்துல இருந்து பாத்தாத் தெரியாது. ஆனா அவனுவளுக்கு என் வள்ளம் தெரிஞ்சிருக்கு, பச்சை அடிச்சிருக்கிறதை வச்சு என் வள்ளந்தான்னு கண்டுக்கிட்டானுவ. நான் மெதுவா இப்படிப் போறேன், திரும்பி அப்படி வாறேன். நசரேனுக்குச் சந்தோசம் தாங்கலையாம். "கஸ்பார் அண்ணன் பொறுமையா ஒவ்வொரு எடமாப் பாத்துக்கிட்டு வாறாரு, நம்மகிட்ட வந்துருவாரு"ன்னு சட்டையைக் கழத்தி ஆட்டிருக்கான். தண்ணியில கெடந்த ஒடம்பு, நிக்கத் தெம்பு இல்ல, ததேயு தோளைப் புடிச்சு எந்திரிச்சு நின்னு ஆட்டிருக்கான்.

நான் பாக்கலடே, சத்தியமா பாக்கலன்னு சொன்னேன்.

"பாக்கலன்னு எனக்குத் தெரியும் அண்ணே. நசரேனுக்குத்தான் தெரியாது. அண்ணன் நம்மளைப் பாத்துட்டாரு, ஆள் கூட்டிட்டு வாறதுக்குத்தான் போயிருக்காருன்னு ராத்திரி பூரா சொல்லிக்கிட்டே கெடந்தான். சொல்லிக்கிட்டேதான் கையை விட்டான்."

அதைச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். ஒரு கெட்ட வார்த்தை பேசல.

மத்தியானம் சாஞ்ச நேரம்னு சொன்னான். நான் அவனுவளுக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சு நின்னேனாம், என்னத்தையோ இழுத்துக்கிட்டு இருந்தேனாம். எனக்கு அந்த நேரம் நல்லாத் தெரியுது அண்ணாச்சி. அன்னைக்குக் கடிச்சதுலயே பெரிய சீலா அப்பதான் கடிச்சுது. இடுப்பு உயரம் இருக்கும். தூண்டி நரம்பு கையை அறுக்குது, விட மனசு இல்ல, மூச்சைப் புடிச்சுக்கிட்டு இழுக்கேன். வள்ளத்துல போட்டதும் சிரிச்சேன். தனியா நின்னு வாய்விட்டுச் சிரிச்சேன்.

நீங்களும் கடல்ல போற ஆளு. உங்களைத்தான் கேக்கேன், சும்மா அங்கிட்டுத் திரும்பாதிய. அந்த நேரத்துல நீங்களா இருந்தா தலையைத் தூக்கிப் பாத்திருப்பியளா?